ஆபரேஷன் தேதி வந்தாச்சா? முதுகைத் தயார்படுத்துங்கள்

"டிஸ்க் நரம்பை அழுத்துது, ஒரு மாசம் கழிச்சு ஆபரேஷன் வெச்சுக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கும்? "இனிமே அசையாதே, படுத்தே இரு" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அந்த ஒரு மாசமும் படுத்தே கிடந்தால் தசைகள் மெலிந்துவிடும். காத்திருக்கும் நாட்களும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

ஏன் இந்தப் பயிற்சி?

பந்தல்காலை நாலு பக்கமும் இழுத்துக் கட்டும் கயிறு மாதிரி, முதுகெலும்பை நிமிர்த்திப் பிடிப்பவை முதுகு, வயிறு, இடுப்புத் தசைகள். முதுகுப் பக்கமாக ஆபரேஷன் செய்யும்போது, எலும்பை அடைய இந்தத் தசைகளை விலக்கித்தான் ஆகணும். அதற்குப் பிறகு, பல நேரங்களில் மறுநாளே, எழுந்து நடக்கச் சொல்வார்கள். அப்போது உங்களைத் தூக்கி நிறுத்தப்போவது இடுப்பும் தொடையும்தான்.

ஸ்வீடனில் 197 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. ஆபரேஷனுக்கு முன் 9 வாரம் இயன்முறைப் பயிற்சி பெற்றவர்களுக்குக் காத்திருந்த நாட்களில் வலியும் பயமும் குறைந்தன. ஓராண்டு கழித்தும் அவர்கள் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாக நடமாடினார்கள். அதற்காக, பயிற்சி செய்தால் ஆபரேஷனே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். இது துணை, மாற்று அல்ல.

முதலில் கேளுங்கள்

எலும்பு முறிவு, முதுகெலும்பில் காசநோய், கட்டி, கழுத்தில் தண்டுவடம் அழுத்தப்படுதல் ஆகியவை இருந்தால் நீங்களாக எதையும் தொடங்கக் கூடாது. மற்றவர்களும், "எனக்கு எந்தப் பயிற்சி சரி, எது கூடாது?" என்று டாக்டரிடமோ இயன்முறை சிகிச்சையாளரிடமோ கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்கணும். இடுப்புப் பகுதி ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லித்தரும் எளிய பயிற்சிகள் இவை:

1. வயிற்றை இறுக்குதல்: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். தொப்புளை மெதுவாக உள்ளே இழுத்து 5 விநாடி வைத்திருங்கள். மூச்சை அடக்க வேண்டாம். 10 முறை.

2. இடுப்பைத் தூக்குதல்: அதே நிலையில் பாதங்களை ஊன்றி, இடுப்பை முடிந்த அளவு உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள். 5 முதல் 10 முறை.

3. தவழும் நிலை: கை, முழங்கால் ஊன்றி, ஒரு காலை மட்டும் பின்னே நீட்டி மடக்குங்கள். முதுகு வளையக் கூடாது. பழகிய பிறகு எதிர்ப்பக்கக் கையையும் நீட்டலாம். முழங்காலில் வலி இருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

4. உட்கார்ந்து எழுதல்: உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, 10 முறை உட்கார்ந்து எழுந்திருங்கள். தொடைக்கு நல்ல பலம் தரும்.

5. நடை: ஒரேயடியாக அரை மணி நேரம் வேண்டாம். 5, 10 நிமிடமாக ஒரு நாளில் மூன்று முறை போதும். கால் மரத்துக் கனத்தால் உட்கார்ந்து ஓய்வெடுத்துத் தொடருங்கள்.

படுக்கையிலிருந்து எழும் முறையையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். உடம்பைத் திருகாமல் முழுதாக ஒருக்களித்து, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழணும். ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் இப்படித்தான் எழச் சொல்வார்கள்.

குனிந்து கால் விரலைத் தொடுவது, இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது, இடுப்பைத் திருகுவது, கனம் தூக்குவது எல்லாம் இப்போது வேண்டாம்.

எப்போது நிறுத்தணும்?

தசையில் லேசான வலி வந்து சீக்கிரம் அடங்கினால் பரவாயில்லை. வலி காலுக்குள் இறங்கிக்கொண்டே போனால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துவைத்திருக்கணும். சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொள்வது, சிறுநீரோ மலமோ தெரியாமலே கழிவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் திடீரென்று பலமிழப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் ஆபரேஷன் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கையில் இருக்கும் போன் உதவும்

இணையத்தில் கிடைக்கிற வீடியோவைப் பார்த்துச் செய்ய வேண்டாம். அது உங்கள் முதுகுக்காக எடுத்தது அல்ல. இயன்முறை சிகிச்சையாளர் உங்களுக்குச் சொல்லித்தரும்போது, அனுமதி கேட்டு உங்கள் போனிலேயே படம் பிடித்துக்கொள்ளுங்கள். காலை, மாலை அலாரம் வையுங்கள். நடந்த நேரத்தையும் வலியின் அளவையும் தினமும் ஒரு வரி குறித்துவைத்து, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். வெளியே போக முடியாதவர்களுக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை பெறும் வசதி உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். புகை, எலும்பு கூடுவதையும் காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும். சர்க்கரை உள்ளவர்கள் அளவைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

ஆபரேஷனை டாக்டர் பார்த்துக்கொள்வார். அதற்கு உடம்பைத் தயார்படுத்தும் வேலை மட்டும் உங்களுடையது. நாளைக்குக் காலையில் 5 நிமிட நடையோடு ஆரம்பியுங்கள்.