ஆசிரியரை ஆக்கும் மாணாக்கன்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பேரருளாளனின் திருநாளுக்குக் காஞ்சி வரும் அன்பர்களில் பலர், ஊர் திரும்புமுன் பட்டுத் தறி ஒன்றையும் பார்த்துச் செல்வதுண்டு. கோர்வைப் புடவை நெய்யும் தறியில் ஒருவர் மட்டும் அமர்ந்தால் வேலை நடவாது. நெசவாளர் உடல் பகுதிக்கு நாடாவை ஓட்ட, கரைக்குரிய நாடாவை மறுபுறம் இருப்பவர் தள்ளித் தர வேண்டும். அவருடைய கவனம் சிதறினால் கைதேர்ந்த நெசவாளரின் கையும் நின்றுவிடும். பாடசாலையும் அத்தகைய தறியே. ஆசிரியர் மாணாக்கனை உருவாக்குகிறார் என்பதை உலகம் அறியும். மாணாக்கனின் நடத்தை ஆசிரியரை உயர்த்தவும் செய்யும், நிறுத்தவும் செய்யும் என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. நம் குருபரம்பரையில் இதற்கு மூன்று சரித்திரங்கள் உள்ளன. அவற்றை இங்கே சிந்திப்போம்.

முதலாவது, காஞ்சியிலிருந்து வேலூர் செல்லும் சாலையை அடுத்த திருப்புட்குழியில் நிகழ்ந்தது. 1017ஆம் ஆண்டு அவதரித்த இளையாழ்வார், பிற்காலத்தில் நாம் எம்பெருமானார் என்று போற்றும் ஸ்ரீராமாநுஜர், அங்கே யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். ஒரு நாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கையில், சாந்தோக்ய உபநிஷத்தில் வரும் ‘கப்யாஸம்’ என்னும் சொல்லுக்கு அவர் கூறிய பொருள் இளையாழ்வாரின் நெஞ்சைச் சுட்டது. பகவானின் திருக்கண்களுக்குக் குரங்கின் பின்புறத்தை உவமையாக்கிய பொருள் அது. மாணாக்கரின் கண்ணீர் ஆசிரியரின் தொடையில் வெம்மையாக விழுந்தது. காரணம் வினவப்பட்டபொழுது, கதிரவனால் மலரும் தாமரை என்று அச்சொல்லுக்கு வேறு பொருள் காட்டினார் இளையாழ்வார்.

இங்கே மாணாக்கரிடம் அவமதிப்பு ஏதும் இல்லை. பணிவிடை செய்துகொண்டே, கேட்ட பின்னரே மறுமொழி உரைத்தார். ஆயினும் ஆசிரியரோ அந்த மறுமொழியில் தம் புகழுக்கு வந்த குறையையே கண்டார். சினம் முற்றிக் காசி யாத்திரையின் வழியில் மாணாக்கரின் உயிருக்கே தீங்கு எண்ணும் அளவுக்குச் சென்றதாகக் குருபரம்பரை கூறுகிறது. தம்பி முறையான கோவிந்தர் குறிப்பால் எச்சரிக்க, விந்தியக் காட்டில் தனித்து நின்றவரைப் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாரும் வேடுவத் தம்பதியாக வந்து காஞ்சியில் சேர்த்தனர். செவிலிமேட்டிலுள்ள சாலைக்கிணறு இன்றும் அதனை நினைவூட்டுகிறது. முடிவில் யாதவப்பிரகாசர் தம் அன்னையின் சொற்படி, தம்மிடம் பயின்றவரையே ஆசாரியராக அடைந்து, கோவிந்த ஜீயர் என்னும் திருநாமம் பெற்றார். ‘யதிதர்ம ஸமுச்சயம்’ என்னும் நூலையும் இயற்றினார். ஒரு நல்ல மாணாக்கன் ஆசிரியரின் உள்ளத்தில் மறைந்து கிடக்கும் குறையை வெளிக்கொணர்வான்; பொறுத்திருந்தால் அதனைத் தீர்க்கவும் வல்லவன் ஆவான்.

எம்பெருமானார் திருவரங்கம் எழுந்தருளிய பின் நிகழ்ந்தது இரண்டாவது சரித்திரம். ஆளவந்தாரின் சிஷ்யரான திருமாலையாண்டான் அவருக்குத் திருவாய்மொழிப் பொருள் உரைத்து வந்தார். சில இடங்களில் எம்பெருமானார் வேறு பொருளும் தோன்றுவதாக விண்ணப்பித்தார். தம் ஆசாரியரிடம் கேட்டறியாத பொருளாதலின், ஆண்டான் திருவுள்ளம் நொந்து பாடத்தையே நிறுத்திவிட்டார். சினமோ சதியோ இல்லை. இருப்பினும் நாடா நின்றது. செய்தி அறிந்த திருக்கோஷ்டியூர் நம்பி திருவரங்கம் எழுந்தருளினார். அப்பொருள்களைத் தாம் ஆளவந்தாரிடம் கேட்டதுண்டு என்று தெளிவித்தார். இவருக்குக் கற்பிப்பது ஸாந்தீபனி கண்ணனுக்குக் கற்பித்ததற்கு ஒப்பாகும் என்றும் உணர்த்தினார். ஆண்டான் மீண்டும் பாடம் தொடங்கினார். ஆசிரியரின் மனம் நொந்தபொழுது இடையில் நின்று இருவரையும் சேர்த்துவைக்கும் ஒரு பெரியவர் வேண்டும் என்பதே இதன் பாடம். இக்காலத்தில் அந்த இடம் பெற்றோருக்கு உரியது.

மூன்றாவது சரித்திரத்துக்கு மீண்டும் நம் காஞ்சிக்கே வருவோம். வரதனுக்கு அமுது செய்விக்கும் பாலின் சூட்டைத் தாயைப்போலப் பதம் பார்த்தமையால் ‘அம்மாள்’ என்று பெயர் பெற்றவர் நடாதூர் அம்மாள். அவருடைய ஸ்ரீபாஷ்ய காலக்ஷேபத்தில் ஸுதர்சன ஸூரி என்பவர் வாய் திறவாமல் அமர்ந்திருப்பார். மற்றவர்கள் அவரை மந்தமதி என்று எண்ணினர். அம்மாளோ அவர் வரும்வரை பாடம் தொடங்காமல் காத்திருப்பார். இதனால் ஏனையோர் மனம் புழுங்குவதை அறிந்து, ஒரு நாள் முந்திய பாடத்தைச் சொல்லுமாறு எல்லோரையும் கேட்டார். ஸூரி ஒருவரே கேட்டதைக் கேட்டபடி ஒப்புவித்தார் என்று பெரியோர் சொல்வர். அவ்வாறு கேட்டவற்றைக் கொண்டே அவர் இயற்றிய பேருரைக்கு ‘ச்ருதப்ரகாசிகை’ என்று பெயர்.

அதே கோஷ்டிக்கு, 1268இல் தூப்புலில் அவதரித்த வேதாந்த தேசிகன், ஐந்து வயதுக் குழந்தையாகத் தம் மாதுலர் அப்புள்ளாருடன் வந்தார். குழந்தையிடம் பேசிய பின் அம்மாளுக்குப் பாடம் விட்ட இடம் நினைவுக்கு வரவில்லை. அவ்விடத்தை எடுத்துக்கொடுத்தது அக்குழந்தையே. அம்மாள் மகிழ்ந்து ஆசி கூறினார். கேட்பவனின் கவனம், சொல்பவரின் அறுந்த இழையைப் பிணைத்துவிட்டது.

பெரியோர் சரித்திரத்தைச் சொன்ன வாயால் அடியேனின் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் சிறுவர்களுக்கு ஸம்ஸ்கிருத சப்தங்களைக் கற்பிக்கையில், நீரைக் குறிக்கும் ‘ஆப:’ என்னும் சொல் எப்பொழுதும் பன்மையிலேயே வரும் என்றேன். ஒரு சிறுவன் எழுந்து, “ஸ்வாமி, ஒரே ஒரு துளி நீராக இருந்தாலும் பன்மையா?” என்று வினவினான். பிள்ளைகள் சிரித்தனர். அவன் என்னைக் கேலி செய்வதாக எண்ணி, “உருப்போடு, கேள்வி வேண்டாம்” என்று கடிந்து உட்காரவைத்தேன். அதன்பின் அவன் கேட்கவில்லை; மற்றவர்களும் கேட்கவில்லை. வகுப்பு மிக அமைதியாக நடந்தது. அதனை ஒழுக்கம் என்று மகிழ்ந்தேன். கேட்பார் இல்லாமையால் நானும் முன்னாளில் நூல்களைப் புரட்டிப் பார்த்து வருவதை விட்டுவிட்டேன். சில ஆண்டுகள் சென்றபின் உரைநூல் ஒன்றை எடுத்தபொழுது, அதன்மீது படிந்திருந்த தூசியே எனக்கு உண்மையைச் சொல்லிற்று. அவன் வாயை நான் மூடினேன்; அவன் மௌனம் என் நூலை மூடியது.

சென்ற கருட ஸேவையன்று கூட்டத்தில் ஒருவர் குழந்தையோடு வந்து ஸேவித்தார். அவரே அச்சிறுவன். “அன்று நீ கேட்டது நினைவிருக்கிறதா?” என்றேன். “துளி நீர்தானே, ஸ்வாமி” என்று சிரித்தார். அந்தச் சொல்லுக்கு ஒருமை வழக்கில்லை. ஒன்றைச் சொல்ல வேண்டின் துளிக்குரிய ‘பிந்து’ என்னும் சொல்லைச் சேர்த்துச் சொல்லலாம். ‘ஜலம்’, ‘வாரி’ ஆகியவை ஒருமையிலும் வரும் என்று, அன்று தந்திருக்க வேண்டிய விடையை அன்றைக்குத் தந்தேன். இப்பொழுது அச்சொல் வரும்போதெல்லாம், பிள்ளைகள் கேட்குமுன் நானே அக்கேள்வியைக் கேட்கிறேன்.

ஆகவே, பிள்ளைகளுடன் வந்துள்ள பெற்றோர்களே! கேள்வி கேட்கும் பணிவையும், பிறர் கேட்கையில் நகையாமல் இருக்கும் பண்பையும் அவர்களுக்குப் பழக்குங்கள். மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், “இன்று என்ன கேட்டாய்?” என்று வினவுங்கள். கற்பிக்கும் அன்பர்களே! கேள்வியில் அவமதிப்பையும், மௌனத்தில் மந்தத்தையும் காண அவசரப்பட வேண்டாம். தறியின் இருபுறமும் கைகள் அசைந்தால்தான் கரை உடலோடு சேரும்.

பேரருளாளன் திருவடிகளே சரணம்.