முதல் வகுப்பு அறையைத் தயார் செய்வது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ஜூன் மாதம் முதல் வகுப்பில் சேர வரும் குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்திருக்கும். சில குழந்தைகள் அங்கன்வாடிக்குப் போய்ப் பழகியிருப்பார்கள். சிலர் அம்மாவையோ ஆயாவையோ விட்டு ஒரு மணி நேரம்கூடப் பிரிந்திருக்க மாட்டார்கள். இவர்கள் எல்லோரையும் ஒரே அறையில், ஒரே நாளில் வரவேற்கப்போவது நீங்கள்.

வகுப்பறையைத் தயார் செய்வது என்றதும் பலரும் தோரணம், பலூன், சார்ட் என்று கிளம்பிவிடுகிறோம். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அறை அழகாக இருக்கிறதா என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இந்த அறையில் உள்ளதைக் குழந்தை தானே பார்க்க, எட்டி எடுக்க, திருப்பி வைக்க முடிகிறதா? அது முடிந்தால்தான் குழந்தை அந்த அறையைத் தன்னுடையதாக நினைக்கும். இந்த வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியை வைத்து எழுதப்பட்டதுதான்.

படி 1: அறையைக் குழந்தையின் உயரத்திலிருந்து பாருங்கள்

பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பாவது அறைக்குப் போய்விடுங்கள். முதலில் தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். ஐந்து வயதுக் குழந்தை சுமார் மூன்றரை அடி உயரம் இருக்கும். நின்றாலே அதன் கண் மட்டம் மூன்று அடியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்தால் இன்னும் கீழே. அங்கிருந்து பார்த்தால் கரும்பலகையில் வெயில் பட்டுக் கூசுகிறதா, சன்னல் வழியே மரம் தெரிகிறதா, பெஞ்சின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஆணி எது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த அறை என்பதை மறக்கக் கூடாது. மூலைகளில் குளவிக் கூடு, பூரான், சில ஊர்களில் பாம்பும் இருக்கலாம். குவிந்து கிடக்கும் பொருள்களுக்குள் வெறுங்கையை விடாதீர்கள். சுவிட்ச் பெட்டி உடைந்திருக்கிறதா, கூரை ஒழுகிய கறை இருக்கிறதா, கழிப்பறைத் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டுகிறதா, தண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டதா என்று பார்த்து, குறைகளை ஒரே தாளில் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னது திறப்பு விழாப் பரபரப்பில் காணாமல் போய்விடும்.

படி 2: வேண்டாததை வெளியேற்றுங்கள்

பல பள்ளிகளில் முதல் வகுப்பு அறைதான் பாதி ஸ்டோர் ரூம். உடைந்த பெஞ்சு, பழைய விடைத்தாள் கட்டு, போன ஆண்டு விழாவின் தெர்மாகோல் எல்லாம் அங்கேதான் இருக்கும். குழந்தைகள் ஓடி விளையாட வேண்டிய இடத்தை இவை பிடித்துக்கொள்கின்றன.

ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கி எறியவும் முடியாது. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளை முறைப்படி கழித்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும். எனவே மூன்றாகப் பிரியுங்கள்: வகுப்பில் இருக்க வேண்டியவை, வேறு அறைக்குப் போக வேண்டியவை, கழிக்க வேண்டியவை. மூன்றாவது வகைக்குப் பட்டியல் போட்டுத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.

கதவையும் கதவுக்குப் போகும் வழியையும் எப்போதும் காலியாக வைத்திருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். அதன் பிறகு ஒரு தமிழ்நாட்டு ஆசிரியருக்குத் தப்பிக்கும் வழி என்பது ஆய்வுக்கு வருபவருக்காகப் பார்த்து வைக்கும் விஷயமாக இருக்க முடியாது.

படி 3: உட்காரும் இடத்தைத் திட்டமிடுங்கள்

சின்ன வகுப்புகளுக்குப் பெஞ்சைவிடப் பாய் நல்லது. குழந்தை திரும்பலாம், நகரலாம், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து வேலை செய்யலாம். ஐந்து ஆறு பேர் கொண்ட வட்டங்களாக உட்கார வையுங்கள். வட்டங்களுக்கு நடுவே நீங்கள் நடக்க வழி இருக்கட்டும். எல்லோரும் கூடி உட்காரக் கரும்பலகைக்கு முன் ஒரு திறந்த இடம் ஒதுக்குங்கள். கதை, பாட்டு, வருகைப்பதிவு எல்லாம் அங்கேதான்.

ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளும் உங்களிடமே இருக்கும். அப்போது வகுப்புவாரியாகப் பிரித்து உட்கார வைக்காதீர்கள். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்தபோதே அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துக் குழந்தைகளைப் பார்க்கச் சொன்னது. எழுத்து தெரியாத மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் அதில் கூச்சமில்லாத ஓர் இடம் கிடைக்கிறது.

பார்வைக் குறைவு, கேட்கும் திறன் குறைவு என்று சந்தேகம் இருக்கும் குழந்தையை முன்னால் உட்கார வையுங்கள். அப்படியே வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியருக்கும் முதல் வாரத்திலேயே தகவல் சொல்லுங்கள். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் குழந்தையையும், கூப்பிட்டால் திரும்பாத குழந்தையையும் “கவனமில்லை” என்று முடிவு கட்டிவிடாமல் இருக்க இது ஒன்றே வழி.

படி 4: சுவரில் பாதியைக் காலியாக விடுங்கள்

புதிய ஆசிரியர்கள் நம்பத் தயங்கும் படி இது. சுவர் நிறைய சார்ட் ஒட்டினால்தான் உழைப்பு தெரியும் என்று நினைக்கிறோம். 2014-ல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு, படங்கள் நிறைந்த அறையிலும் வெறுமையான அறையிலும் மாற்றி மாற்றிப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். படங்கள் நிறைந்த அறையில் 38.6 சதவீத நேரம் குழந்தைகளின் கவனம் பாடத்தில் இல்லை. மற்ற அறையில் அது 28.4 சதவீதம். பாடத்தின் முடிவில் வைத்த சிறு தேர்வில் சரியான விடை முன்னதில் 42 சதவீதம், பின்னதில் 55 சதவீதம். சின்ன ஆய்வுதான் என்றாலும் நம் வகுப்புகளில் அன்றாடம் காண்பதோடு ஒத்துப்போகிறது.

சுவரை இப்படிப் பங்கிடலாம்:

கரும்பலகைச் சுவர்: எதுவும் ஒட்ட வேண்டாம். தேதி, கிழமை, வருகை எண்ணிக்கை எழுத ஓர் ஓரம் போதும்.

கீழ்மட்டக் கரும்பலகை: செயல்வழிக் கற்றல் காலத்திலிருந்தே நம் பள்ளிகளில் இது உண்டு. பெயின்ட் வெளுத்திருந்தால் புதிதாக அடித்து, கோடு போட்டு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கட்டம் பிரித்து, மேலே அதன் பெயரை எழுதுங்கள். பள்ளிக்கு வந்த முதல் நாளே குழந்தைக்குச் சொந்தமாக ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

படைப்புகளுக்கான கயிறு: நைலான் கயிறு ஒன்றைக் குழந்தையின் கை எட்டும் உயரத்தில் கட்டித் துணி கிளிப்புகளை மாட்டி வையுங்கள். முதல் நாள் அது காலியாகவே இருக்கட்டும். வரைந்ததைக் குழந்தையே மாட்ட வேண்டும். எல்லோருடையதும் தொங்க வேண்டும். நன்றாக வரைந்த நான்கு பேருடையதை மட்டும் மாட்டினால் மற்றவர்களுக்கு அந்தக் கயிறு எதற்கு?

எழுத்து, எண் சார்ட்டுகள்: ஒன்றிரண்டு போதும், அதுவும் கண் மட்டத்தில். கையால் எழுதுவதாக இருந்தால் பாடநூலில் உள்ள வடிவத்திலேயே எழுதுங்கள். உங்கள் ‘ஐ’ ஒரு மாதிரியும் புத்தகத்து ‘ஐ’ வேறு மாதிரியும் இருந்தால் குழந்தை இரண்டையும் இரு எழுத்தாகத்தான் படிக்கும்.

படி 5: கைக்கு எட்டும் பொருள்கள்

இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோது, மேசை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் குழந்தையின் அளவுக்குக் கொண்டுவந்தார். 1939-ல் அவரே சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த யோசனைக்குப் பெரிய செலவு தேவையில்லை. தாழ்வான ஒரு மரப்பலகையும் நான்கு செங்கல்லும் போதும்.

படிக்கும் மூலை: புத்தகங்களை அடுக்கி வைத்தால் முதுகுதான் தெரியும். எழுத்து தெரியாத குழந்தை அட்டைப்படத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும். அட்டை தெரியும்படி கயிற்றில் மடித்துத் தொங்கவிடுங்கள். பத்துப் புத்தகம் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கிழிந்தால் செல்லோடேப் போட்டு ஒட்டக் கற்றுக்கொடுங்கள். கிழியும் என்று பயந்து பீரோவில் பூட்டி வைத்த புத்தகத்தால் யாருக்கும் பயனில்லை.

எண்ணும் மூலை: புளியங்கொட்டை, சோழி, பாட்டில் மூடி, பல்லாங்குழி. இவற்றோடு ஈர்க்குச்சிக் கட்டுகள் கட்டாயம் வேண்டும். விளக்குமாற்றுக் குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி, கூர் முனையை வெட்டிவிட்டு, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போடுங்கள். இருபத்து மூன்று என்றால் இரண்டு கட்டும் மூன்று தனிக் குச்சியும். “கட்டைப் பிரிச்சுக் கொடுங்க டீச்சர், அஞ்சு எடுக்கணும்” என்று ஒரு குழந்தை கேட்கும் நாளில் கடன் வாங்கிக் கழித்தல் அதற்குப் புரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். சிறு பொருள்களை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது இது. உங்கள் பார்வை அந்த மூலையின் மீது இருக்கட்டும்.

ஒவ்வொரு டப்பாவின் மீதும் உள்ளே இருக்கும் பொருளின் படத்தை ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத குழந்தையும் சரியான டப்பாவில் திருப்பி வைக்கும்.

படி 6: பெயரையும் வீட்டு மொழியையும் தெரிந்துகொள்ளுங்கள்

சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை முன்கூட்டியே படித்துவிடுங்கள். வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அம்மாவிடம் கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே “வாம்மா கயல், உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்” என்று நீங்கள் சொன்னால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

“அப்பா பேர் என்ன, என்ன வேலை?” என்று வகுப்பு நடுவே கேட்காதீர்கள். அப்பா இல்லாத குழந்தை, தாத்தா பாட்டியிடம் வளரும் குழந்தை எல்லா வகுப்பிலும் உண்டு. “வீட்டில உன்னை யாரு பாத்துக்கிறாங்க?” என்று தனியாகக் கேளுங்கள்.

ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், திருப்பூரில் இந்தியும் ஒடியாவும் பேசும் குழந்தைகள் நம் பள்ளிகளுக்கு வருகிறார்கள். தண்ணீர், ஒண்ணுக்கு, பசி, வலி ஆகிய நான்கையும் அவர்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று பெற்றோரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்துக்கு அந்த நான்கு சொல் போதும்.

படி 7: முதல் நாள்

முதல் நாளில் பாடம் வேண்டாம். இந்த வரிசையில் நடத்தலாம்:

1. வாசலில் நின்று வரவேற்பு. குனிந்து, குழந்தையின் கண்ணுக்கு நேராகப் பேசுங்கள்.

2. காலை உணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளுக்கானது. உங்கள் பள்ளியில் அது இருந்தால், அன்று குழந்தைகளோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். பொங்கலோ உப்புமாவோ, சேர்ந்து சாப்பிட்டவரிடம் குழந்தை சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

3. பள்ளியைச் சுற்றி ஒரு நடை. கழிப்பறை, குடிதண்ணீர், தலைமை ஆசிரியர் அறை, சத்துணவுக் கூடம். கழிப்பறைக்குப் போக எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதை இரண்டு முறை சொல்லுங்கள்.

4. பாட்டு, ஒரு கதை, ஒரு படம் வரைதல். வரைந்தது உடனே கயிற்றில் ஏறட்டும்.

அழும் குழந்தையிடம் “அம்மா வெளியில்தான் நிக்கிறாங்க” என்று பொய் சொல்லாதீர்கள். எட்டிப் பார்த்து இல்லை என்று தெரிந்தால் உங்கள் மீதான நம்பிக்கை போய்விடும். “சாப்பாட்டு மணி அடிச்சு, விளையாடி முடிச்சதும் அம்மா வருவாங்க” என்று அம்மாவையே சொல்லிவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். பிறகு அந்தக் குழந்தைக்கு ஒரு வேலை கொடுங்கள்: சாக்பீஸ் டப்பாவைப் பிடித்துக்கொள்வது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கையில் வேலை வந்தால் பெரும்பாலும் அழுகை அடங்கிவிடும்.

படி 8: முதல் வாரத்து வழக்கங்கள்

விதிகள் மூன்று போதும், குழந்தை சொல்லிப் பார்க்கும்படி: ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம், எடுத்த இடத்தில் வைப்போம், யாரையும் அடிக்க மாட்டோம். மூன்றாவது விதி உங்களுக்கும் சேர்த்துத்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. பிரம்பு மேசை மீது சும்மா கிடந்தாலும் அந்த அறை வரவேற்கும் அறை ஆகாது.

அமைதிப்படுத்தக் கத்த வேண்டாம். ஒரு கைதட்டல் தாளத்தைப் பழக்குங்கள். நீங்கள் தட்டினால் அவர்கள் திருப்பித் தட்ட வேண்டும். பாய் விரிப்பது, சன்னல் திறப்பது, புத்தகம் அடுக்குவது போன்ற வேலைகளைச் சுழற்சியில் கொடுங்கள். ஆண் பிள்ளைகளும் கூட்டட்டும், பெண் பிள்ளைகளும் மணி அடிக்கட்டும்.

செலவுக்கு என்ன செய்வது?

இங்கே சொன்னதில் பெரும்பகுதி வீடுகளிலிருந்தே கிடைக்கும். கைக்காசு போட்டுத்தான் ஆக வேண்டும் என்று எண்ண வேண்டாம். பெயின்ட், பழுது போன்றவற்றுக்குப் பள்ளி மானியம் இருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். கொத்தனார், தச்சர், தையல்காரர் என்று தொழில் தெரிந்தவர்கள் அவர்களில் இருப்பார்கள். பிள்ளை உட்காரும் அறைக்கு அரை நாள் உழைப்பு கேட்டால் தயங்காமல் வருவார்கள். அறையோடு அவர்களுக்கும் உறவு வந்துவிடும்.

ஒரு மாதம் கழித்து

ஜூலையில் அறையை மறுபடி சீர்செய்யுங்கள். எந்த மூலைக்கு யாரும் போவதில்லை, எந்த டப்பா திறக்கப்படவே இல்லை, எங்கே முட்டி மோதிக்கொள்கிறார்கள் என்று கவனித்துக் குறிப்பெடுங்கள். பயன்படாததை எடுத்துவிட்டு, என்ன வேண்டும் என்று குழந்தைகளிடமே கேளுங்கள். நாய்க்குட்டி வேண்டும் என்பார்கள். அதை அன்போடு மறுத்துவிடலாம். கதைப் புத்தகம் இன்னும் கீழே வேண்டும் என்றால் அன்றே கயிற்றை இறக்கிக் கட்டுங்கள். கேட்டது நடந்ததைப் பார்த்த குழந்தை அடுத்த நாள் வகுப்பில் கேள்வி கேட்கவும் கை தூக்கும். நாம் அறையைத் தயார் செய்வதே அதற்காகத்தான்.