வரப்புத் தகராறும் நெடுஞ்சாலை வழக்கும்

இராசிபுரம் வட்டாரத்தில் உழவர் இருவரிடையே வரப்புத் தகராறு எழுகிறது எனக் கொள்வோம். ஊர்ப் பெரியோர் பேசியும் இணக்கம் ஏற்படவில்லையெனில், அவர்கள் மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தை நாடுவர். அதன் தீர்ப்பை ஏற்காதவர் சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சட்டம் குறித்த முதன்மையான வினா எஞ்சியிருப்பின், உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். 1862இல் நிறுவப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்திற்கு 2004 முதல் மதுரையில் கிளை உண்டு. காவிரியின் ஒரு கரையிலுள்ள நாமக்கல் மாவட்ட வழக்குகள் சென்னைக்குச் செல்கின்றன. மறுகரையிலுள்ள கரூர் மாவட்ட வழக்குகள் மதுரைக்குச் செல்கின்றன.

வழக்கு, ஒன்றிய அரசின் சட்டத்தைப் பற்றியதாயின் எங்கே செல்வது? கூட்டாட்சி நாடுகள் இவ்வினாவிற்கு ஒரே விடையைத் தருவதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நீதிமன்ற அமைப்புகள் இருவகைப்படும். கூட்டரசின் சட்டங்கள் குறித்த வழக்குகளுக்காக 94 மாவட்ட நீதிமன்றங்களும், 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்களும், அவற்றின் மேல் உச்ச நீதிமன்றமும் உள்ளன. இவையன்றி ஐம்பது மாநிலங்களும் தத்தமக்கெனத் தனி நீதிமன்றங்களைக் கொண்டுள்ளன. ஒரு மாநிலச் சட்டத்தின் பொருள் யாது என்பதில் அம்மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் கூறுவதே முடிவானது. கூட்டரசு நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் செனட் அவையின் இசைவுடன் நியமிக்கிறார். மாநில நீதிபதிகளைப் பல மாநிலங்களில் மக்களே தேர்ந்தெடுக்கின்றனர்.

இந்தியாவிலோ ஆட்சி இரண்டு, நீதித்துறை ஒன்று. ஒன்றியச் சட்டம், மாநிலச் சட்டம் ஆகிய இரண்டையும் அதே நீதிமன்றங்களே விசாரிக்கின்றன. மாவட்ட நீதிபதிகளை உயர் நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் நியமிக்கிறார். உயர் நீதிமன்ற நீதிபதிகளை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என அரசமைப்பின் 141ஆம் உறுப்பு கூறுகிறது. வரி போன்ற சில துறைகளுக்குத் தனித் தீர்ப்பாயங்கள் இருப்பினும், அடிப்படை அமைப்பு ஒன்றே.

சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை வழக்கு இதற்குத் தக்க சான்று. நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கைகள் 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி வெளியிடப்பட்டன. அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். எனினும் அவற்றை எதிர்த்த உழவர்களும் பிறரும் சென்னை உயர் நீதிமன்றத்தையே அணுகினர். 2019 ஏப்ரல் 8 அன்று அந்நீதிமன்றம் அறிவிக்கைகளை நீக்கியது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம், 2020 டிசம்பர் 8 அன்று அறிவிக்கைகள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நிலம் எடுப்பதற்கான அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டியதில்லை. ஆயினும் சாலைப் பணியைத் தொடங்குமுன் பெற்றாக வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வரப்பை இழந்தவருக்கும் வயலை இழக்க நேர்ந்தவருக்கும் ஏறவேண்டிய படிக்கட்டு ஒன்றே. எந்த அரசின் சட்டம் என ஆராய்ந்து வாயிலைத் தேடும் சுமை அவர்களுக்கு இல்லை. அதே வேளையில், கீழ்ப்படியில் பெற்ற வெற்றி மேற்படியில் மாறக்கூடும் என்பதையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

சிந்திக்க: ஒரே நீதித்துறை, இரட்டை நீதித்துறை ஆகியவற்றுள் எளிய குடிமகனுக்கு நீதியை அண்மையில் கொண்டுவருவது எது? காரணங்களுடன் எழுதுக.