சுடுநீர் ஏன் மெலிகிறது?

கேள்வி: நுவரெலியாத் தொடர்மாடி வீடொன்றில் குளிர்நீர் வேகமாக வருகிறது, சவரில் சுடுநீர் மட்டும் நூலாக வடிவது ஏன்?

பதில்: குளிர்நீர் குறையாதிருக்கையில் பழுது கூரைத் தொட்டியில் அன்றி, சுடுநீர்ப் பாதையிலேயே தேடத்தக்கது. ஓடும் நீரை அக்கணமே சூடாக்கும் உடனடிச் சூடாக்கி 3.5 கிலோவாற் வலுவுடையதாயின், 15 பாகைக் குளிரில் வரும் நீரை 40 பாகைக்கு உயர்த்தி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லீற்றரே தரவல்லது. இது பழுதன்று, கருவியின் எல்லையே ஆகும். முன்பு நன்றாக வந்து இப்போது மெலிந்திருப்பின், மலையக நீர் சுண்ணாம்பு குறைந்த மென்னீராதலால், உப்புப் படிவைவிட மழைக்காலச் சேறே பெரும்பாலும் காரணமாகும். பிரதான மின் ஆளியையும் நீர் வால்வையும் மூடியபின், சூடாக்கியின் நுழைவாயிலிலுள்ள வலைவடியைக் கழற்றிக் கழுவி, சவர்த் தலையின் துளைகளையும் தூய்மையாக்க வேண்டும். அதன் பின்னரும் ஓட்டம் சீராகாவிடின், வால்வு முழுமையாகத் திறக்கிறதா என்பதைக் குழாய்த் தொழிலாளர் ஒருவரைக் கொண்டு சோதிப்பது தகும்.