ஏலாக்குறிச்சிக்குப் போனால் பேச்சுக் கொடுங்கள்

வேளாங்கண்ணிக்கு வருடம் தவறாமல் நடந்து போகிறவர்களிலேயே பலருக்கு ஏலாக்குறிச்சி மாதா கோயில் தெரியாது. வழியில் பூண்டி மாதாவைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். கொள்ளிடத்துக்குத் தென்பக்கம் பூண்டி, வடபக்கம் ஏலாக்குறிச்சி. ஒரு தடவையாவது ஆற்றைத் தாண்டிவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

வழி சுலபம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, திருமானூர். ரயிலில் வருகிறவர்கள் அரியலூரில் இறங்கி, கீழப்பழுவூர் வழியாகத் திருமானூர் வந்து சேரலாம். அங்கிருந்து பேருந்தோ ஆட்டோவோ. பேருந்தென்றால் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அரியலூர்ப் பக்கமிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றிய லாரிகளுக்கென்றே போட்ட சாலை மாதிரி இருக்கும்.

போகிற நாள் சனிக்கிழமையாக இருக்கட்டும். மாதாவுக்குரிய நாள் என்பதால் கோயிலில் ஆள் நடமாட்டம் இருக்கும், ஆனால் நெரிசல் இருக்காது. கோடைத் திருவிழாவில் தேர் பார்க்க ஆசைப்பட்டால் உங்கள் விருப்பம். எனக்குக் கூட்டம் ஒத்துவராது, நான் சொல்ல மாட்டேன்.

பீடத்தில் இருப்பவள் அடைக்கல அன்னை. இந்தப் பெயருக்குப் பின்னால் ரத்தமும் சதையுமாக ஒரு வரலாறு உண்டு. 1701இல் தஞ்சையை ஆண்ட மராட்டிய அரசர் சாகஜியின் காலத்தில் கிறிஸ்தவர்கள் மேல் கடுமையான அடக்குமுறை வந்தது. கோயில்கள் இடிக்கப்பட்டன, ஊரைவிட்டு ஓடினார்கள். கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர் மழவராயர்களின் சீமை, தஞ்சாவூர்க் கை எட்டாது. ஓடி வந்தவர்களுக்கு ஏலாக்குறிச்சி ஒதுங்க இடம் கொடுத்தது. பிறகு வந்து சேர்ந்த வீரமாமுனிவர் இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, மாதாவின் மேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார்.

வீரமாமுனிவர் என்றால் நமக்குப் பள்ளிக்கூடப் பாடம்தான் ஞாபகம் வரும். 1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி, 3615 பாட்டில் தேம்பாவணி, சதுரகராதி, பரமார்த்த குரு கதை. அதெல்லாம் சரி. ஏலாக்குறிச்சியில் நின்றால் நினைக்கவேண்டியது அவர் எழுதிய இன்னொரு புத்தகம், ‘வேதியர் ஒழுக்கம்’. வேதியர் என்றால் இங்கே உபதேசியார். அந்தக் காலத்தில் ஒரு சாமியாருக்கு ஒரு ஜில்லா அளவுக்குப் பங்கு. ஒரு கிராமத்துக்கு வருடத்தில் ஓரிரு முறை வந்தாலே பெரிது. மற்ற நாட்களில் சாகக் கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், சாவு வீட்டில் செபம் சொல்வதும், பயந்துபோனவனுக்குத் தைரியம் சொல்வதும் கால்நடையாக ஊர் ஊராய்ப் போன இந்த உபதேசியார்கள்தான். அவர்கள் எப்படி வாழவேண்டும், ஜனங்களிடம் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதற்காகவே எழுதிய உரைநடை நூல் அது. மாதாவுக்குக் கலம்பகம் பாடியவரும் வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்பியவரும் ஒரே மனிதர். இது தெரியாமல் கோயிலைச் சுற்றி வந்தால் கட்டடத்தைத்தான் பார்த்திருப்பீர்கள்.

மாதா குளத்தையும் பாருங்கள். மழவராயர் ஒருவருக்கு வந்த ராஜபிளவை என்ற கட்டியை முனிவர் இந்த மண்ணையும் தண்ணீரையும் வைத்துக் குணமாக்கினார், அதற்கு நன்றியாக அரசர் நிலம் எழுதி வைத்தார் என்பது ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிற கதை. ஐம்பது அடிக்கு மேல் உயரமான மாதா சிலை ஒன்றும் இருக்கிறது. அதன் கீழே நின்று போட்டோ எடுப்பார்கள். எடுத்துக்கொள்ளுங்கள். என் மனசு அதில் ஒட்டவில்லை.

என் மனசு ஒட்டியது கோயிலின் கடைசி பெஞ்சில். சும்மா உட்கார்ந்திருந்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்து, இரண்டடி தள்ளி உட்கார்ந்து, “எந்த ஊரு தம்பி?” என்றார். சொன்னேன். “வீட்டுல யாருக்காச்சும் உடம்பு முடியலையா?” ஆச்சிக்கு என்றேன். உடனே இடுப்பிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். பேனாவை நூல் போட்டு அதிலேயே கட்டியிருந்தது. ஒரு பக்கத்தில் இரண்டு கட்டம்: பெயர், இருக்கும் இடம். “ஆச்சி பேரு என்ன? ஆஸ்பத்திரியிலயா, வீட்டுலயா?” வீட்டில்தான் என்றதும், “கூட யாரு இருக்கா? ராத்திரில?” என்று கேட்டாரே, அந்தக் கேள்வியை எங்கள் சொந்தக்காரர்களே கேட்டதில்லை.

பக்கத்துப் பங்கில் மரியாயின் சேனையில் இருக்கிறாராம். 1921இல் அயர்லாந்தில் தொடங்கிய சபை அது. தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பங்கிலும் சேலை கட்டிய நாலைந்து வீராங்கனைகளோடு நடந்துகொண்டிருக்கிறது. வாரம் ஒருமுறை செபமாலை சொல்லிக் கூடுவார்கள். அதோடு விடமாட்டார்கள்: இரண்டு இரண்டு பேராய் வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டும், போய் வந்ததை அடுத்த கூட்டத்தில் சொல்லவேண்டும். ஒரு கறாரான விதியும் உண்டு. காசோ அரிசியோ கொடுக்கக் கூடாது. கொடுக்க ஆரம்பித்தால் அதற்காகவே எதிர்பார்ப்பார்கள், பேச்சு நின்றுபோகும். “அரிசி பருப்பெல்லாம் வின்சென்ட் தே பவுல் சபைக்காரங்க பாத்துப்பாங்க. நாங்க போயி உக்காந்து கேட்டுட்டு வருவோம், அவ்வளவுதான் தம்பி” என்றார். அவ்வளவுதானாம்!

ஆகவே, கோயிலில் யாராவது வந்து ஊர் பேர் விசாரித்தால் பையை இறுகப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். பேச்சுக் கொடுங்கள். எந்த மதமானாலும் பரவாயில்லை. அந்த அம்மா என் மதத்தைக் கேட்கவே இல்லை.

நகர்ந்துவிடவேண்டிய ஆசாமிகள் வேறு. அதே பயணத்தில் இன்னொரு பெரிய திருத்தலத்தில் நடந்தது இது. வண்டியிலிருந்து கால் வைக்கவில்லை, “அண்ணே, செருப்பை இங்க விடுங்க, ஃப்ரீ” என்று ஒருவன் கிட்டத்தட்ட காலைப் பிடித்து இழுத்தான். விட்டேன். அதற்குள் என் கையில் ஒரு மாலை, ஒரு கட்டு மெழுகுதிரி, கண்ணும் கையும் பொறித்த காணிக்கைத் தகடு. “வேண்டுதல் சும்மா போகக் கூடாதுண்ணே.” விலையைக் கேட்டால் சிரிப்பு. திரும்பி வந்தபோது சிரிப்பைக் காணோம், நானூறு ரூபாய் என்றான். காசு கொடுக்காமல் செருப்புத் தரமாட்டானாம். என் பக்கத்தில், மகனுக்கு ஆபரேஷன் என்று அழுதுகொண்டே வந்த ஒரு பாட்டியிடம், “தகடு சின்னதா வச்சா பலிக்காது பாட்டி” என்று சொல்லி முடிச்சை அவிழ்க்க வைத்தான் பாருங்கள், இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. எந்தத் திருத்தலமானாலும் செருப்பை வண்டியிலேயே கழற்றிவிடுங்கள். மெழுகுதிரி வேண்டுமென்றால் உங்கள் ஊர்க் கடையிலேயே வாங்கி வாருங்கள்.

சாப்பாட்டுக்கு ஏலாக்குறிச்சியை நம்பாதீர்கள். திருவையாற்றில் முடித்துக்கொள்வது உத்தமம், அசோகா அல்வாவும் கிடைக்கும். நேரமிருந்தால் கொள்ளிடக் கரையிலேயே திருமழபாடி சிவன் கோயில் இருக்கிறது. சுந்தரர் பாடிய தலம், அவசரப்படாமல் பார்க்கவேண்டியது. டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பிடித்த ஏரி. இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகள் வந்து இறங்குகிற இடம். விடிந்ததும் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கரையில் நிற்க முடியாது. மே மாதத்தில் அந்த ஏரி யோசனையே வேண்டாம்.