கிரெடிட்: வரவா, கடனா?

வங்கியோடு தொடர்புடைய ஆங்கிலச் சொற்களுள் நாம் நாள்தோறும் எதிர்கொள்வது ‘கிரெடிட்’. மாத ஊதியம் கணக்கில் சேர்ந்ததும் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி ‘கிரெடிட்டட்’ என்கிறது. அங்கே அதன் பொருள் வரவு. நம் பையில் இருக்கும் அட்டையின் பெயர் ‘கிரெடிட் கார்டு’. அங்கே அதன் பொருள் கடன். வரவு என்றால் மகிழ்கிறோம்; கடன் என்றால் தயங்குகிறோம். இவ்விரண்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிப்பது ஏன்? இதற்கு விடை கண்டால், கணக்கில் தெரியும் தொகை யாருடையது என்பதும் தெளிவாகும்.

சொல்லின் வேர்

லத்தீன் மொழியில் ‘கிரேதெரே’ என்னும் வினைச்சொல்லுக்கு ‘நம்புதல்’ என்பது பொருள். நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் குறிக்கும் ‘கிரேதிதும்’ அதிலிருந்து தோன்றியது. இத்தாலியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளின் வழியாக 16ஆம் நூற்றாண்டில் அச்சொல் ஆங்கிலத்தை அடைந்தது. நம்பத்தக்கது என்னும் பொருளுடைய ‘கிரெடிபிள்’, நம்ப இயலாதது என்னும் ‘இன்கிரெடிபிள்’, தகுதிச் சான்றுகளைக் குறிக்கும் ‘கிரெடென்ஷியல்ஸ்’ ஆகியவை இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆகவே ‘கிரெடிட்’ என்னும் சொல்லை எங்கு கண்டாலும் ஒரு கேள்வியை எழுப்பலாம்: இங்கே யார் யாரை நம்பியிருக்கிறார்? விடை கிடைத்தவுடன் பொருளும் விளங்கிவிடும்.

வரவு என்னும் பொருள்

நாம் சேமிப்புக் கணக்கில் பணம் செலுத்தும்போது, நாம் வங்கியை நம்புகிறோம். அத்தொகையை நாம் கேட்கும்போது திருப்பித் தரும் பொறுப்பு வங்கிக்கு உண்டு. வங்கியின் ஏட்டில் நாம் பணம் கொடுத்தவர், வங்கி பெற்றுக்கொண்டது. எனவேதான் நம் வரவு ‘கிரெடிட்’ எனப் பதிவாகிறது. இதன் எதிர்ச்சொல் ‘டெபிட்’. ‘கொடுக்க வேண்டியிருத்தல்’ எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து அது வந்தது. இவ்விரு பதிவுகளையும் கொண்ட இரட்டைப் பதிவு முறையை விளக்கும் பகுதி, லூகா பாச்சோலி 1494இல் வெனிஸ் நகரில் அச்சிட்டு வெளியிட்ட கணித நூலில் உள்ளது. தமிழில் இவற்றைப் பற்று, வரவு என்கிறோம்.

பயன்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. தொகையை முதலில் சொன்னால் ‘கிரெடிட்டட் டு’ என்றும், கணக்கை முதலில் சொன்னால் ‘கிரெடிட்டட் வித்’ என்றும் எழுத வேண்டும். ‘கிரெடிட்டட் இன்’ என்று எழுதுவதைத் தவிர்ப்பது நன்று.

கடன் என்னும் பொருள்

இங்கே நம்பிக்கையின் திசை மாறுகிறது. வங்கி நம்மை நம்புகிறது. ‘ஆன் கிரெடிட்’ என்றால் கடனுக்கு வாங்குதல். ‘கிரெடிட் லிமிட்’ என்றால் கடன் வரம்பு.

ஓர் எடுத்துக்காட்டு. கடன் அட்டையின் வரம்பு ரூ. 50,000. அதில் ரூ. 12,000 செலவிட்டோம். ‘அவைலபிள் கிரெடிட்’ ரூ. 38,000 என்று காட்டும். சேமிப்புக் கணக்கில் ‘அவைலபிள் பேலன்ஸ்’ ரூ. 38,000 என்றிருந்தால் அது நம் பணம். அட்டையில் காட்டும் ரூ. 38,000 நம் பணமன்று; இன்னும் வாங்கக்கூடிய கடன். எண் ஒன்றே, உரிமை வேறு. இந்த வேறுபாட்டை மறந்து செலவிடுவோர், மாத இறுதியில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தி, எஞ்சிய தொகைக்கு வட்டி சுமக்கின்றனர்.

‘லோன்’ என்பதும் கடனே. ஆயினும் ‘லோன்’ பெரும்பாலும் குறித்த தொகையாகப் பெற்றுத் தவணைகளில் அடைப்பது. வணிகர்கள் பெறும் ‘கேஷ் கிரெடிட்’ ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்து, இயலும்போது செலுத்துவது. எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி. 1998இல் அறிமுகமான கிசான் கிரெடிட் கார்டு, பயிர்ச் செலவுக்கான கடனை இத்தகைய வரம்பு முறையில் உழவர்க்கு வழங்குகிறது.

நன்மதிப்பு என்னும் பொருள்

வாங்கிய கடனைக் காலம் தவறாது திருப்பித் தருவோர்மீது நம்பிக்கை வளர்கிறது. அதனை எண்ணால் குறிப்பதே ‘கிரெடிட் ஸ்கோர்’. நம் நாட்டில் இது 300 முதல் 900 வரை அமைகிறது. தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ‘அவர் நாணயமானவர்’ என்று நம் முன்னோர் கூறியதன் கருத்தும் இதுவே. கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையைக் கட்டணமின்றி வழங்குகின்றன. அதனைப் பெற்று, பிழை இருப்பின் திருத்தக் கோருவது நம் உரிமை.

வங்கிக்கு வெளியே

‘டேக் கிரெடிட்’ என்றால் ஒரு செயலின் பெருமையைத் தனதாக்கிக்கொள்ளுதல். திரைப்படத்தில் கலைஞர் பெயர்களின் வரிசையும் ‘கிரெடிட்ஸ்’ எனப்படும். கல்வியில் அது பாடத்துக்குரிய மதிப்பலகு. மாணவர் ஈட்டிய அவ்வலகுகளைச் சேமித்து வைக்கும் கல்வி அலகு வங்கியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் ஏற்படுத்தியது. அங்கும் சேமிப்பு உண்டு. ஆனால் சேர்வது பணமன்று, படிப்பு.

ஒத்த சொற்கள்

வரவு என்னும் பொருளில் ‘டெபாசிட்’, கடன் என்னும் பொருளில் ‘லோன்’, ‘அட்வான்ஸ்’, நம்பிக்கை என்னும் பொருளில் ‘டிரஸ்ட்’, பெருமை என்னும் பொருளில் ‘ஹானர்’, ‘பிரெய்ஸ்’ ஆகியவை நெருங்கி வரும். ஒன்றுக்கு ஒன்று முற்றும் ஈடாகா. இடமறிந்து ஆள வேண்டும்.

பயிற்சி

பின்வரும் தொடர்களில் ‘கிரெடிட்’ எப்பொருளில் வந்துள்ளது?

1. வைப்புத்தொகையின் வட்டி கணக்கில் கிரெடிட் ஆனது.
2. கடைக்காரர் முப்பது நாள் கிரெடிட் தந்தார்.
3. ‘உங்கள் கணக்கில் ரூ. 5,000 கிரெடிட் ஆக, யூபிஐ இரகசிய எண்ணைப் பதிவிடுங்கள்.’

முதலாவது வரவு; இரண்டாவது கடன். மூன்றாவதில் வரவும் இல்லை, கடனும் இல்லை, அது ஏமாற்று. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை; நம் கணக்கிலிருந்து பணம் கொடுப்பதற்கே அது தேவை. யார் யாரை நம்பச் சொல்கிறார் என்னும் அதே கேள்வியை இங்கும் கேட்டுக்கொண்டால் நம் பணம் நம்மிடமே இருக்கும்.