ரஷ்யத்துக்கு ஒரு தமிழ்க் கொப்பி



செகாவை ரஷ்யத்திலிருந்து நேரே தமிழுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டு, ஆசிரியர் இல்லாமல் தனியே ரஷ்ய இலக்கணம் படித்துவருவதாக எழுதியிருந்தீர். ஆறு வேற்றுமை அட்டவணைகளும் மனப்பாடம், ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் வரவில்லை என்ற முறைப்பாடும் கூடவே இருந்தது. ஸ்காபரோவில் இன்னும் சிலர் இதே கேள்வியோடு இருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீர் அனுப்பிய கொப்பிப் பக்கங்களைப் பார்த்தேன். இடப்பக்கம் ரஷ்யம், வலப்பக்கம் ஆங்கிலம். வலப்பக்கத்தில் தமிழை எழுதும். நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இதுதான்.

உமது பாடப்புத்தகம் ஆங்கிலம் பேசுபவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. 'அவன் மாணவன்' என்று இரண்டு சொல்லை அருகருகே வைத்தாலே வாக்கியம் ஆகிவிடும் என்பதை அவருக்குப் பக்கம் பக்கமாக விளக்கவேண்டியிருக்கிறது. உமக்கு 'ஓன் ஸ்துதேன்த்' என்றால் போதும். எனக்கு இருபது வயது, எனக்குக் குளிருது, எனக்குப் பிடிக்கும்: மூன்றையும் ரஷ்யர் 'ம்ன்யே' என்று தொடங்கி, நம்மைப் போலவே நான்காம் வேற்றுமையில்தான் சொல்கிறார். (அவர்கள் வரிசையில் அது மூன்றாவது. எண்ணைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.) நீ, நீங்கள் என்ற இரண்டும் அவர்களிடம் உண்டு. யாழ்ப்பாணத்து 'நீர்'தான் இல்லை.

இன்னொன்று. 'புத்தகம் வாங்கினேன்' என்போம், 'தம்பி பார்த்தேன்' என்னமாட்டோம். 'தம்பியை' என்றே சொல்லவேண்டும். ரஷ்ய ஆண்பால் பெயர்களிலும் இதே நியாயம் ஓடுகிறது. மேசையைப் பார்த்தால் 'ஸ்தோல்' அப்படியே நிற்கும். சகோதரனைப் பார்த்தால் 'ப்ராத்', 'ப்ராதா' ஆகிவிடும். ஒரே வித்தியாசம், நாம் மனிதரைத் தனியே பிரிக்கிறோம், அவர்கள் உயிருள்ளதைப் பிரிக்கிறார்கள். பூனையும் அங்கே சகோதரன் பக்கம்தான்.

இனித் தமிழ் கைவிடுகிற இடங்கள். எட்டு வேற்றுமை கண்டவருக்கு ஆறு பெரிதல்ல என்று யாராவது சொன்னால் நம்பாதீர். நம்முடைய உருபு எந்தப் பெயரோடும் ஒரே மாதிரி ஒட்டும். 'பெரிய' என்ற சொல் வீடு ஆனாலும் வீட்டில் ஆனாலும் அசையாது. ரஷ்யத்தில் ஒரே ஈறு வேற்றுமை, எண், பால் மூன்றையும் சேர்த்துச் சுமக்கிறது. அடைமொழியும் கூடவே மாறும். பெரிய வீடு 'பல்ஷோய் தோம்', பெரிய வீட்டில் 'வ் பல்ஷோம் தோமே'. அதே 'பல்ஷோய்' பெண்பாலில் 'பெரிய புத்தகத்தில்' என்ற இடத்தில் திரும்பவும் வந்து நிற்கும். ஆகையால் தனிச்சொல்லை அட்டவணையில் உருட்டுவதால் பயனில்லை. அடைமொழியும் 'வ்' போன்ற முன்னிடைச்சொல்லும் சேர்ந்த முழுத் தொடராக மனதில் ஏற்றும்.

மெய்யான மலை வினைச்சொல். 'கடிதம் எழுதினேன்' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். முடித்தோமா என்று சொல்ல விரும்பினால் 'எழுதிவிட்டேன்', விரும்பாவிட்டால் இல்லை. ரஷ்யத்தில் அந்தச் சலுகை கிடையாது. 'பிஸால்' (முடிவைக் காட்டாதது) அல்லது 'நபிஸால்' (முடிவைக் காட்டுவது): வாய் திறக்குமுன் ஒன்றைத் தேர்ந்தாகவேண்டும். முடிவைக் காட்டும் வடிவத்துக்கு நிகழ்காலமே இல்லை; 'நபிஷூ' என்றால் 'எழுதிவிடுவேன்'. இதைப் பார்த்ததும் 'விடு' வந்தால் ஒன்று, வராவிட்டால் மற்றது என்று சூத்திரம் கட்டத் தோன்றும். பாதித் தூரம் அது கொண்டுபோகும். பிறகு 'டால்ஸ்டாய் படித்திருக்கிறீரா?' என்று கேட்கப் போவீர். நமக்கு அது முடிந்த காரியம். ரஷ்யர் கேட்பதோ முடியாத வடிவத்தில், 'சித்தால்' என்று. படிப்பு நடந்ததா என்பதே அவர் கேள்வி, முடித்தீரா என்பதல்ல. 'செய்யாதே' என்று விலக்கும்போதும் பெரும்பாலும் முடியாத வடிவந்தான். எனவே வினையைச் சோடியாக, ஒவ்வொன்றுக்கும் நீரே எழுதிய ஒரு வாக்கியத்தோடு கொப்பியில் ஏற்றும்.

'போ' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் ஊரெல்லாம் சுற்றுகிறோம். அவர்களுக்கு நடந்து போவது வேறு, வண்டியில் போவது வேறு. ஒரு திசையில் போவது வேறு, போய்வந்துகொண்டிருப்பது வேறு. நடைக்கு இத்தீ, ஹதீத்; வண்டிக்கு யேஹத், யேஸ்தித். இந்த நாலோடு முதல் வருடம் போதும்.

புத்தகம் என்றால் புல்கினாவின் பயிற்சி நூல் பழையது, ஆனால் பயிற்சிகள் தாராளம். டெரன்ஸ் வேட் 1992இல் வெளியிட்ட பெரிய இலக்கணம் சந்தேகம் தீர்க்க. வரிசையாகப் படிக்க அல்ல. ஸலிஸ்னியாக்கின் 1977ஆம் ஆண்டு அகராதி ஏறத்தாழ ஒரு லட்சம் சொற்களுக்கு எது எப்படித் திரியும் என்று குறித்துவைத்திருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம். கைப்பேசிச் செயலி எழுத்துப் பழக மட்டும்.

காசு செலவில்லாத பாடம் ஒன்றும் உமது ஊரிலேயே இருக்கிறது. ஃபின்ச் நிலையத்தில் 60ஆம் இலக்க பஸ் ஏறி, பாதர்ஸ்ட் வீதியும் ஸ்டீல்ஸும் சந்திக்கிற இடத்தில் இறங்கும். அங்குள்ள ரஷ்யக் கடைகளில் பணியாரங்களின் பெயரை வாசியும். கோவா 'கபூஸ்தா', கோவா வைத்தது 'ஸ் கபூஸ்தய்'. சீனி 'ஸாஹர்', சீனி இல்லாதது 'பெஸ் ஸாஹரா'. எந்த முன்னிடைச்சொல் எந்த வேற்றுமையைக் கேட்கும் என்பது பசியோடு படித்தால் மறக்காது. ஆனால் கடையில் நிற்பவரோடு எடுத்தவுடன் ரஷ்யத்தில் பேச்சுக் கொடுக்கவேண்டாம். 2022க்குப் பிறகு உக்ரைனிலிருந்து வந்தவர்கள் பலர். ரஷ்யம் தெரிந்தும் பேச விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஆங்கிலத்தில் கேளும். ஏன் என்று நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைத் தொடக்கத்திலிருந்தே குறித்துவாரும். 'ஸாமக்' என்றால் கோட்டை, 'ஸமோக்' என்றால் பூட்டு. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. தமிழ்க் காதுக்கு இது பழக்கமில்லை. அதனால் அழுத்தக்குறி போட்ட பாடங்களையே சத்தமாக வாசியும். முதல் ஆண்டில் செகாவைத் தொடாதீர். டால்ஸ்டாய் 1872இல் நாட்டுப்புறப் பிள்ளைகளுக்காக 'ஆஸ்புக்கா' என்ற அரிச்சுவடி எழுதினார். அதிலுள்ள குட்டிக் கதைகள் எளிய வாக்கியம், ஆனால் முழு ரஷ்யம்.

அதன் பிறகு பூ. சோமசுந்தரத்தைத் தேடிப் பிடியும். மொஸ்கோப் பதிப்பகங்களுக்காக ரஷ்யத்திலிருந்து நேரே மொழிபெயர்த்தவர். 1946இல் பொலெவோய் எழுதிய நாவல் அவர் கையில் 'உண்மை மனிதனின் கதை' ஆயிற்று. பழைய பிரதி ஸ்காபரோவில் யாராவது ஒரு பெரியவர் வீட்டு அலுமாரியில் இருக்கும். மூலத்தைப் பக்கத்தில் வைத்து, ஒரு பத்தியில் முடிந்த வினை எங்கெங்கே வருகிறது என்று கோடிடும். அந்த இடங்களில் அவர் 'விடு' போட்டாரா, போடாமல் விட்டாரா என்று பாரும். போடாத இடங்களை மட்டும் தனியே எழுதி எனக்கு அனுப்பும். அவற்றைப் பற்றி அடுத்த கடிதத்தில் பேசுவோம்.